விளக்கு வைக்காத வீடு

பொக்ரே அக்கா வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் என் கடைக்கு வந்து முடியைச் சுருட்டிக்கொள்வாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில், இரண்டாம் ஞாயிற்றுக்கு முதல் நாள். மற்ற நாளெல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜின்செங் கிழங்குத் தோட்டத்தில் களை பிடுங்குகிறவள், அன்றைக்கு மட்டும் என் கணப்பு அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மாள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாள்.

"கெட்டியாச் சுருட்டுடி தோக்சுன். போன வருஷம் ரெண்டே வாரத்துல அவிழ்ந்துடுச்சு."

"மலை மேல ஏறி ஒரு ஸ்விட்சை அமுக்கப் போற. அதுக்கு இத்தனை அலங்காரமா?"

"அக்கரையில அண்ணன் பார்ப்பான்ல."

"நடுவுல அம்மாம்பெரிய ஆறு. அங்கேருந்து பார்த்தா இந்த மலையே சோத்து உருண்டை அளவுதான் தெரியும். இதுல உன் சுருட்டை முடி தெரியப் போகுதாக்கும்!"

"வெளிச்சம் தெரியும்ல? வெளிச்சம் போடுறவ பரட்டைத் தலையோட நின்னா நல்லாவா இருக்கும்?"

கடையில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள். எழுபதை நெருங்கியவள் அன்றைக்கு மட்டும் கல்யாணப் பெண் போல இருப்பாள். நான் கேலி செய்வேனே தவிர, அந்தத் தலைக்கு மட்டும் ஒவ்வொரு சுருளையும் இரண்டு தடவை பார்த்துத்தான் கட்டுவேன்.

எங்கள் ஊர் ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது. இந்தக் கரை முழுக்க முள்வேலி. அந்தக் கரை வேறு நாடு. ஒரே மொழி, ஒரே கிம்ச்சி ஊறுகாய், ஒரே குளிர், ஆனாலும் வேறு நாடு. கரையை ஒட்டின மலை உச்சியில் ராணுவத்தின் இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. திருவருகைக் காலம் வந்தால் சியோல் சபைகளும் எங்கள் சபையும் சேர்ந்து அதில் மேலிருந்து கீழ்வரை பல்புச் சரங்களைக் கட்டி, பெரிய கிறிஸ்துமஸ் மரமாக்கி, அக்கரையைப் பார்த்து எரியவிடுவோம். சமாதானத்தின் விளக்கு என்று அதற்குப் பெயர். ஸ்விட்சை அமுக்குகிற கைகளில் ஒன்று எப்போதும் பொக்ரே அக்காவுடையது. அக்கரையில் பிறந்தவர்களில் எங்கள் சபையில் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது விழா, அவளுக்கு அது அம்மா விட்டுவிட்டுப் போன வேலை.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். போருக்கு முன்னால் ஆறு வெறும் ஆறாகத்தான் இருந்தது. அவர்கள் வீடு அக்கரையில், சந்தை இக்கரையில். அப்பா இல்லாத வீடு. அண்ணன் கில்சுதான் படகில் சந்தைக்கு வந்து போவான். எங்கள் ஆற்றில் தண்ணீர் வடிந்தால் இரண்டு பக்கமும் சேறு, எங்கே படகைக் கொண்டுவந்து ஒதுக்குவது என்று இருட்டில் தெரியாது. அதனால் அவர்கள் அம்மா துறையில் ஒரு கழி நட்டு, அதன் உச்சியில் மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டி வைப்பாள். விளக்கு இருக்கிற இடத்துக்குப் படகை விட்டால் வீடு. விளக்கு என்றால் வா என்று அர்த்தம். அந்த வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

போர் வந்த குளிர்காலத்தில் அம்மா ஒன்பது வயது பொக்ரேயை மட்டும் அழைத்துக்கொண்டு இக்கரைக்கு வந்தாள். மாடு சினையாக இருந்தது. கன்று போட்டதும் வந்துவிடுகிறேன் என்று கில்சு தங்கிவிட்டான். அவனுக்குப் பதினாறு வயது. "அக்கரையில போய் விளக்கு வைக்கிறேன். அதைப் பார்த்ததும் கிளம்பி வா" என்று அம்மா சொல்லிவிட்டு வந்தாள். வந்து சில நாளிலேயே ஆறு எல்லையாகிவிட்டது. அம்மா சொன்னபடி கழி நட்டாள், விளக்கைக் கட்டினாள். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் ஓடி வந்து விளக்கை உதைத்து உடைத்தார்கள். எதிரிக்குச் சைகை காட்டுகிறாயா என்று இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வந்தபோது ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. சாகிறவரை அந்த அம்மாவால் ஆற்றங்கரையில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்க முடியவில்லை.

பொக்ரே அக்கா இந்த ஊரை விட்டு நகரவே இல்லை. அரிசி மில்லில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு இன்சோன் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வா என்றார், மாட்டேன் என்றாள். "அப்ப அந்த ஆத்தையே கட்டிக்கிட்டுக் கிட" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் பண்டிகைக்குப் பண்டிகை வந்தார், பிறகு அதுவும் நின்றது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று காதில் விழுந்த அன்று அவள் முள்ளங்கி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். உப்புப் போதுமா பார் என்று ஒரு துண்டை என் வாயில் திணித்தாள். அவ்வளவுதான் அந்தக் கல்யாணம்.

பிரிந்த குடும்பங்களைச் சந்திக்கவைக்கும் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டே இருந்தாள், விழவில்லை. அப்புறம்தான், இருபது வருஷத்துக்கும் மேல் இருக்கும், மலைமேல் முதன்முதலாக விளக்கு மரம் வந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையை நான் பார்த்தேன். "அம்மா சொன்ன விளக்குடி. லேட்டாயிடுச்சு, ஆனா வச்சாச்சு" என்றாள். என் வாய் சும்மா இருக்காது, "அம்மா ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வச்சா உளவு, சபை இத்தனை ஆயிரம் பல்பு வச்சா சமாதானமா?" என்று கேட்டேன். அவளுக்கு அதெல்லாம் கேட்கவில்லை.

ஊரில் எல்லோருக்கும் அந்த மரம் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. விளக்கு எரிந்தால் சுட்டு வீழ்த்துவோம் என்று அக்கரையிலிருந்து மிரட்டல் வரும். உடனே பதுங்கு குழிக்கு எப்படிப் போவது என்று எங்களுக்கு ஒத்திகை நடக்கும். விலாங்குமீன் கடைக்காரர் ஒருமுறை நடுத்தெருவில் அவளை மறித்தார். "உங்க அண்ணனுக்கு வழி காட்ட எங்க தலையில குண்டு விழணுமா?" என்றார். "விழுந்தா உன் மீன் நல்லா வெந்துடும், போ" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

விடியற்கால ஜெபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டு ஜெபிப்பது எங்கள் வழக்கம். பக்கத்தில் உட்காருகிறவர்களின் ஜெபம் காதில் விழாமல் இராது. திருவருகைக் காலத்தில் அவள் "வாரும் ஆண்டவரே, வாரும்" என்று ஆரம்பிப்பாள். போகப் போக அது "வா அண்ணா, வா" என்று ஆகிவிடும். "யாரைத்தான் கூப்பிடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு பேரையும்தான். சமாதானப் பிரபு வந்துட்டா ஆத்துல வேலி எதுக்கு? வேலி போயிட்டா அண்ணன் வந்துடுவான். ஒருத்தர் வந்தா போதும்டி, இன்னொருத்தர் தானா வருவார்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாஸ்டரும் எனக்கு மேசியாவின் வருகையைப் பற்றிச் சொன்னதில்லை. அவள் மனதில் இருந்தது ஒரே கேள்விதான்: அண்ணன் விளக்கைப் பார்த்தானா. பார்த்திருந்தால் அது எதற்கென்று அவனுக்குத் தெரியும். அது போதும், மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தாள்.

அவள் கேள்விக்குப் பதில், கடையில் நான் அப்படிக் கேலி செய்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் வந்தது. பலிபீடத்துக்கு முன்னால் நான்கு ஊதா மெழுகுவர்த்திகள். முதல் ஞாயிறு நம்பிக்கை, இரண்டாம் ஞாயிறு சமாதானம். மூப்பர் குவாக் வந்து இரண்டாவதை ஏற்றினார். கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர், எதையும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரிதான் செய்வார். சாட்சி சொல்ல ஒருவரைச் சியோலிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அக்கரையிலிருந்து தப்பி வந்தவர், பெயர் தோங்ஹுன், நாற்பது வயது இருக்கலாம். யாரோ கொடுத்த கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. பல மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழகின குரலில் ஆரம்பித்தார்.

"எங்க ஊர் ஆத்தங்கரையிலதான். இந்த மலை எங்க வீட்டு வாசல்லேருந்து தெரியும். எனக்குப் பதினாலு வயசுல இந்த விளக்கு முதல் தடவை எரிஞ்சுது. மறுநாளே உத்தரவு வந்துடுச்சு. தெற்கே பார்த்த ஜன்னல் எல்லாத்துலயும் போர்வையை ஆணி அடிச்சு மறைக்கணும், பொழுது சாஞ்சா யாரும் வெளிய நிக்கக் கூடாது. ஆனா அந்த முதல் நாள், உத்தரவுக்கு முன்னாடி, எங்க பக்கத்து வீட்டு மாட்டுக்காரர் ஓடிப்போய்க் கரை மேட்டுல நின்னுட்டார். கால்ல செருப்பு இல்ல. பனியில நின்னுக்கிட்டுக் கையைத் தட்டுறார், சிரிக்கிறார். 'எங்கம்மா விளக்கு வச்சிட்டா, எங்கம்மா விளக்கு வச்சிட்டா'ன்னு போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொல்றார்."

சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் பொக்ரே அக்கா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. விடியறதுக்குள்ள லாரி வந்துடுச்சு. அவரு, சம்சாரம், ரெண்டு பிள்ளைங்க. அடுப்புல வச்ச சட்டி அப்படியே இருந்துச்சு. மலைப்பக்கம் சுரங்கத்துக்குன்னு பேசிக்கிட்டாங்க. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல."

பாஸ்டர் பியோன் எழுந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மைக்கைக் கண்டால் அவருக்கு நிதானம் போய்விடும். "பார்த்தீங்களா! நம்ம வெளிச்சம் அங்க போய்ச் சேர்ந்திருக்கு! அந்தச் சகோதரர் அம்மான்னு சொன்னது யாரை? திருச்சபையை! இருட்டுல இருந்த ஒரு இருதயத்துல மேசியாவோட வெளிச்சம் பட்டிருக்கு. சொல்லுங்க, ஆமென்!"

ஆமென் என்று கூரை அதிர்ந்தது. கைதட்டினார்கள். ஒரு குடும்பம் லாரியில் ஏறிப் போனதற்கு நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். ஆண்டவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ஆராதனை முடிந்து கீழே சாப்பாட்டு அறையில் முள்ளங்கி போட்ட மாட்டுக்கறி சூப் பரிமாறினோம். பொக்ரே அக்கா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தோங்ஹுனிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த மாட்டுக்காரருக்குக் கை எப்படி இருக்கும்?"

"கையா?" அவர் யோசித்தார். "இடது கையில ரெண்டு விரல் பாதிதான் இருக்கும்மா. சின்ன வயசுல மாட்டுக் கயிறு சுத்தி இழுத்துடுச்சாம்."

"அப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். ரத்தத்தைப் பார்த்து நான் அழுதேன், அவன் அழல."

தோங்ஹுன் கையிலிருந்த கரண்டி சூப்பில் விழுந்தது. "அம்மா, எனக்குத் தெரியாதும்மா. இந்த இடத்துல எல்லாரும் அழுவாங்க, இதைக் கட்டாயம் சொல்லுங்கன்னு சொன்னாங்க. அதான் எல்லா ஊர்லயும் சொல்றேன்."

"லாரியில ஏத்தும்போது அவன் என்ன பண்ணினான்?"

"இந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டிருந்தார்."

"சிரிச்சானா?"

அவர் குனிந்து சூப்பிலிருந்து கரண்டியை எடுத்தார். அக்கா கிம்ச்சித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுப்பா, ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, சாயங்காலம் மலைக்குப் போக வேணாம். உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிடறேன்."

"எதுக்கு? வா வான்னு இத்தனை வருஷம் கூப்பிட்டது நான்தானே. வராதேன்னு சொல்றதையும் நானே போய்ச் சொல்றேன்."

"யார்கிட்ட சொல்லப் போற? அங்க அவர் இல்லியே அக்கா."

"இருபது வருஷமா அவன் இல்லாத கரைக்குத்தான்டி முடியைச் சுருட்டிக்கிட்டுப் போயிருக்கேன். இன்னும் ஒரு நாள் போனா என்ன?"

குளிர்காலப் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மலைமேல் சியோல் விருந்தாளிகள், ராணுவ அதிகாரிகள், பாடகர் குழு, கேமராக்காரர்கள். ஒலிபெருக்கிகள் அக்கரையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஸ்விட்சை அமுக்குகிறவர்களுக்கு வெள்ளைக் கையுறை கொடுப்பது வழக்கம். வரிசையாக எட்டுப் பத்துப் பேர் வெள்ளைக் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள், நடுவில் என் கையால் சுருட்டிய தலையோடு பொக்ரே அக்கா. ஆற்றுக்கு அப்பால் கறுப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அங்கே இந்நேரம் போர்வைகளை ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வருஷமும் அவள்தான் மைக்கில் அக்கரைக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்வாள். பத்திரிகைக்காரர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். பாஸ்டர் மைக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் முதலில் கையுறைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

"அண்ணா, நான் பொக்ரே பேசறேன்."

ஒலிபெருக்கியில் அவள் குரல் ஆற்றின் மேல் போனது. மலையில் இருந்தவர்கள் புன்னகையோடு தலையை ஆட்டினார்கள்.

"இது அம்மா வச்ச விளக்கு இல்ல. அம்மா செத்துப்போயிட்டா. அங்க யாரு இருந்தாலும் சரி, கேட்டுக்கங்க. இதைப் பார்த்து யாரும் வெளிய வராதீங்க. பிள்ளைங்களை உள்ள கூப்பிட்டுக்கங்க. ஜன்னலை நல்லா மூடிக்கங்க. நாங்க யாரையும் கூப்பிடல."

மூப்பர் குவாக் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "வயசாயிடுச்சு, உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். அதே மூச்சில் ஐந்து, நான்கு என்று எண்ண ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். வெள்ளைக் கைகள் ஸ்விட்சை அமுக்கின. மரம் உச்சியிலிருந்து அடிவரை எரிந்தது, பாடகர் குழு பூமியிலே சமாதானம் என்று பாடியது, எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். இறக்கத்தில் அவள் கால் வழுக்காமல் நான் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எங்களுக்கு முன்னால் எங்கள் நிழலே விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவு வெளிச்சம்.

அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. அந்த வாரத்திலேயே பாஸ்டர் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வீடு தேடி வந்து ஜெபித்தார். நானும் இருந்தேன். விஷயம் தெரிந்து அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பேசாமல் இருக்கத் தெரியவில்லை. "இதுக்குப் பின்னாலயும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்மா" என்றார்.

அக்கா ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள். "பாஸ்டர், எனக்கு ஒரு சந்தேகம். மேசியா பிறந்தப்ப வானத்துல நட்சத்திரம் வந்துச்சு இல்ல? அதைப் பார்த்துட்டு ஞானிகள் நேரா எங்க போனாங்க?"

"எருசலேமுக்கு. ஏரோது ராஜாகிட்ட."

"அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டாங்க. அப்புறம் அவன் அனுப்பின சிப்பாய்ங்க பெத்லகேம்ல இருந்த சின்னப் பிள்ளைங்களை எல்லாம் என்ன பண்ணினாங்க?"

பாஸ்டர் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். "அது... கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வர்ற பகுதிம்மா."

"எங்க வீட்ல அதுதான் முதல்ல வந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஆண்டவர் மேல எனக்கு வருத்தம் இல்ல பாஸ்டர். அவரும் அந்த வெளிச்சத்துக்குப் பயந்து எகிப்துக்கு ஓடின குழந்தைதானே. பழம் இனிப்பா இருக்கு, சாப்பிடுங்க."

பாஸ்டர் போனதும் அவள் பரணிலிருந்து கனமான போர்வை ஒன்றை எடுத்தாள். அவள் வீட்டுக்கு ஒரே ஜன்னல்தான் ஆற்றைப் பார்த்தது. மலை விளக்கு அதன் வழியாகத்தான் உள்ளே விழும். இத்தனை வருஷமும் அந்த வெளிச்சத்தில்தான் படுக்கையைப் போட்டுத் தூங்கினாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, சுத்தியலால் ஒன்றொன்றாக அடித்தாள். பகலிலேயே அறை இருண்டுபோனது.

"அங்க இப்படித்தான் அடிச்சிருப்பாங்க, இல்ல?" என்றாள்.

"ஆமா அக்கா."

"இனிமே நான் விளக்கு வச்சு யாரையும் கூப்பிட மாட்டேன்டி. மேசியாவா இருந்தாலும் சரி. வர்றவங்க இருட்டுல வரட்டும், கதவைத் தட்டட்டும். முழிச்சிருந்தா திறக்கறேன்."

அந்தக் கதவை யார் தட்டப் போகிறார்கள். எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவோம். தட்டுகிறது என்றால் அது வெளியூர் ஆளாகத்தான் இருக்கும்.

மூன்றாம் மெழுகுவர்த்தி, நான்காம் மெழுகுவர்த்தி எல்லாம் முறைப்படி எரிந்தன. அக்கா விடியற்கால ஜெபத்துக்கு வந்தாள், என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கத்திக் கத்தி ஜெபிக்கையில் அவள் ஊமை மாதிரி இருந்தது எனக்குத் தாங்கவில்லை. மலைமேல் மரம் எரிந்துகொண்டேதான் இருந்தது.

கிறிஸ்துமஸ் விடியலில் வீடு வீடாகப் போய்ப் பாடுவது எங்கள் சபையின் பழைய வழக்கம். பாட்டு வேண்டும் என்கிற வீட்டார் வாசலில் ஒரு விளக்கைக் கட்டி வைப்பார்கள். விளக்கு இருக்கிற வாசலில் நின்று பாடுவோம், அவர்கள் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள். விளக்கு இல்லாவிட்டால் தூங்குகிறார்கள் என்று அர்த்தம், தொந்தரவு செய்யாமல் போய்விடுவோம். பொக்ரே அக்காவின் விளக்குதான் எப்போதும் தெருவிலேயே பெரியது. அன்றைக்கு அந்த வாசல் இருட்டாக இருந்தது.

"விளக்கு இல்ல. அடுத்த வீட்டுக்குப் போகலாம்" என்றார் மூப்பர் குவாக், மெல்லிய குரலில். குழு நகர்ந்தது. பாஸ்டர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு அவரும் போனார்.

எனக்குப் போக மனம் வரவில்லை. பண்டிகை நாளில் அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எந்த வீட்டு வாசலில் நின்று சமாதானம் பாடுவது? கேட்டைத் திறந்துகொண்டு முற்றத்துக்குள் போனேன். பக்கத்து வீடுகளில் தூங்குகிறார்களே, சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம் என்று நினைத்துக் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை.

உள்ளே ஏதோ கவிழ்ந்து விழுந்தது. வெறுங்காலில் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அந்த வயதில் அவள் அப்படி ஓடி நான் கேட்டதே இல்லை. தாழ்ப்பாளைக் கை தடவித் தடவித் தேடுவது கேட்டது. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்பது வயதுக் குரல் ஒன்று மூச்சு வாங்கியது.

"அண்ணா? அண்ணா, நீயா?"

பாடகர் குழு அடுத்த வாசலில் பாட ஆரம்பித்திருந்தது. பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"நான்தான் அக்கா. தோக்சுன்."

உள்ளே கவிழ்ந்ததை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. என் கையால் சுருட்டிய முடி இன்னும் அவிழாத தலையோடு அவள் நின்றாள்.

"உள்ள வா" என்றாள். "குளிருது."